நவசந்நியாசியும் கத்துக்குட்டியும்

எட்டு வருஷங்களுக்கு முன் ஒரு கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். நாற்பத்தெட்டுப் பக்கத் தொகுதி. கவிஞருக்கு அது முதல் புஸ்தகம். சொந்தச் செலவில் போட்டது. மதிப்புரையின் கடைசிக்கு முந்தைய வாக்கியத்தில் ‘கத்துக்குட்டி’ என்ற சொல் இருந்தது. யோசித்துத் தேர்ந்தெடுத்த சொல் என்று சொல்ல முடியாது. எழுதிக்கொண்டு போகும் வேகத்தில் வந்தது, வந்தபின் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது, விட்டுவிட்டேன். இரண்டு நண்பர்கள் அந்த வாக்கியத்தைக் குறிப்பிட்டே பாராட்டினார்கள். நம் சூழலில் பாராட்டப்படும் வாக்கியங்கள் பெரும்பாலும் யாரையாவது காயப்படுத்திய வாக்கியங்கள்தாம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்தக் கவிஞர் அதற்குப் பின் எழுதவில்லை. என் மதிப்புரையால்தான் நின்றுவிட்டார் என்று நினைப்பது எனக்கு நானே முக்கியத்துவம் கொடுத்துக்கொள்வதாகும். சில நூறு பிரதிகள் அச்சாகும் ஒரு பத்திரிகையின் இரண்டு பக்கங்களுக்கு அவ்வளவு சக்தி இருந்தால் தமிழில் இவ்வளவு கவிதைத் தொகுதிகள் வந்துகொண்டிருக்க நியாயமில்லை. இருந்தாலும் அந்தச் சொல் என்னை விடவில்லை. விடாததற்குக் காரணம் கவிஞர் அல்ல. என்னோடு வங்கியில் வேலை பார்த்த ஒருவர்.

அவர் காஷ் கவுண்டரில் இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். இலக்கியப் பரிச்சயம் கிடையாது, ஆனால் என் மேஜைமேல் கிடக்கும் எதையும் மதிய உணவு வேளையில் எடுத்துப் படித்துவிடுவார். அந்த இதழையும் படித்தார். டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, “கத்துக்குட்டின்னு தமிழ்ல போட்டீங்க, சரி. நொவிஸ்னு இங்கிலீஷ்ல போட்டிருந்தா நான் உங்ககூட சண்டைக்கு வந்திருப்பேன் சார்” என்றார். ஏன் என்று கேட்டேன். “நான் ஒம்பது மாசம் நொவிஸா இருந்தவன்” என்றார்.

பத்தொன்பதாவது வயதில் ஒரு கத்தோலிக்கத் துறவற சபையின் நவசந்நியாச மடத்தில் சேர்ந்து, வருஷம் முடிவதற்குள் வெளியே வந்தவர் அவர். ஏன் வந்தார் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னார். உள்ளே போன நாளில் போட்டிருந்த பேன்ட்டையும் சட்டையையும் மடித்து ஒரு பெட்டியில் வைத்திருந்தார்கள். கிளம்பும் காலையில் அவற்றை எடுத்துக் கொடுத்தார்கள். “பாச்சை உருண்டை வாசம். போட்டுப் பாத்தா பேன்ட் குட்டையாப் போயிருந்துது. நான் வளந்திருக்கேன்னு அப்பதான் சார் எனக்கே தெரிஞ்சுது.”

நொவிஸ் என்றால் தெரியாதவன் என்று அர்த்தமில்லை என்பதுதான் அவருடைய வாதம். “போறதா இருக்கிறதான்னு இன்னும் முடிவு பண்ணாதவன், அவ்வளவுதான். அதுவரைக்கும் கதவு ரெண்டு பக்கமும் திறந்திருக்கும்.” அகராதியில் அப்படி இல்லை என்று சொன்னேன். பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்குரிய மமதையுடன்தான் சொல்லியிருப்பேன். எங்கள் வகுப்பில் சாஸர் உண்டு. காண்டர்பரி யாத்திரைக் கதைகளில் விடுதிக்காரன் துறவியைப் பார்த்துக் கேலி பேசும் இடத்தில் இந்தச் சொல் வரும். உன்னைப் பார்த்தால் மடத்துக்குள் அடைந்து கிடக்கிறவனாகவோ நொவிஸாகவோ தெரியவில்லை, ஏதோ நிர்வாகப் பொறுப்பில் இருக்கிற ஆள் மாதிரி இருக்கிறாய் என்கிற கேலி. அங்கே அது திறமையைப் பற்றிய சொல் அல்ல, மடத்துப் படிவரிசையில் கடைசிப் படியின் பெயர். எங்களுக்கு வாய்த்த உரையில் ‘ஆரம்ப நிலையினன்’ என்று ஒரே சொல்லில் முடித்திருந்தார்கள். அதைத்தான் பரீட்சையில் எழுதினோம்.

அவர் சொன்னது சரிதானா என்று பார்க்க ஆரம்பித்து, சில வருஷங்களாக விட்டுவிட்டு இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். லத்தீன் எனக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் மூலத்தையும் வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று தேடுகிற அளவுக்கு மட்டும் பழகிக்கொண்டேன்.

மூலச்சொல் நொவீஸியுஸ். நொவுஸ் என்றால் புதியது. நம் ‘நவ’ என்ற வடசொல்லுக்கும் அதற்கும் ஒரே வேர். ஆகவே தமிழ்க் கத்தோலிக்கர்கள் முன்பு நவசந்நியாசி என்றும் பின்னர் நவதுறவி என்றும் சொன்னபோது, தெரிந்தோ தெரியாமலோ அதே வேரைத் திரும்பவும் தொட்டிருக்கிறார்கள். ஆனால் இந்த லத்தீன் சொல் முதலில் புழங்கிய இடம் மடம் அல்ல, அடிமைச் சந்தை. புதிதாக அடிமையானவன் நொவீஸியுஸ். அடிமைத்தனத்தில் பழகித் தேர்ந்தவனுக்கு வேறு பெயர், வெட்டெராட்டோர். அந்தச் சொல்லில் தந்திரக்காரன் என்கிற வாடையும் உண்டு.

ஜஸ்டினியன் சக்கரவர்த்தி 533இல் வெளியிட்ட டைஜஸ்ட் என்னும் சட்டத் தொகுப்பில், சுங்கக் குத்தகைக்காரர்களைப் பற்றிய பகுதியில், மார்ஸியன் என்ற சட்ட அறிஞர் இந்த வித்தியாசத்துக்கு ஒரு கால அளவு தருகிறார். இன்னும் ஒரு வருஷம் ஊழியம் செய்து முடிக்காத அடிமை புதியவன். நகரத்தில் தொடர்ந்து ஒரு வருஷம் ஊழியம் செய்தவன் பழையவன். வரி விதிப்புக்காக ஏற்பட்ட வரையறை இது. வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு இந்த மாதிரி வரையறைகளின் மேல் ஒரு பிரத்யேக மரியாதை உண்டு. மனிதர்களைப் பற்றிய பெரிய உண்மைகள் சில சமயம் ஏதோ ஒரு படிவத்தை நிரப்பும் பொருட்டுத்தான் கண்டுபிடிக்கப்படுகின்றன.

இதைவிட முக்கியமான இடம், அதே தொகுப்பில் உல்பியன் சொல்வது. பழைய அடிமையைப் புதியவன் என்று சொல்லி விற்பதைச் சந்தை அதிகாரிகளின் ஆணை தடைசெய்கிறது. அதற்கு அவர் காரணம் தருகிறார். வாங்குகிறவர்கள் புதியவர்களைத்தான் விரும்புகிறார்கள். பழகாதவன் வெள்ளையாக இருப்பான், சொன்னதைச் செய்வான், எந்த வேலைக்கும் பழக்கலாம். பழகித் தேர்ந்தவனை மறுபடி ஒரு வடிவத்துக்குக் கொண்டுவருவது கஷ்டம். இது வியாபாரிகளுக்குத் தெரியும். எனவே பழையவர்களைப் புதியவர்களோடு கலந்துவிடுகிறார்கள்.

எனக்கு இந்த இடத்தில் சற்றுத் திகைப்பு ஏற்பட்டது. ‘கத்துக்குட்டி’ என்று நான் எழுதியபோது அது விலையைக் குறைக்கும் சொல். ரோமாபுரிச் சந்தையில் அது விலையை ஏற்றும் சொல். புதியவனாக நடிப்பதற்கு ஆட்கள் தயார் செய்யப்பட்டார்கள். நம் இலக்கியச் சூழலில் இதற்கு நேர்மாறானதுதான் நடக்கிறது. முதல் கவிதை எழுதுகிறவன் இருபது வருஷம் எழுதிச் சலித்தவனின் தொனியை எங்கிருந்தோ வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறான். நான் மதிப்புரை எழுதிய தொகுதியில் எனக்கு எரிச்சல் தந்தது அந்தத் தொனிதான். அவருடைய தொடக்கநிலை அல்ல. அதை அன்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சந்தைச் சொல் மடத்துக்குள் வந்தது எப்படி என்பதைச் சங்கிலிபோல் கோத்துக் காட்ட நான் முயலப் போவதில்லை. ஆனால் ஜஸ்டினியனின் தொகுப்பு வெளியான அதே தலைமுறையில், இத்தாலியில் மான்டி கஸினோவில், ஸெயின்ட் பெனடிக்ட் தன் துறவிகளுக்கான விதியை எழுதினார். அதன் ஐம்பத்தெட்டாம் அத்தியாயம், புதிதாக வருகிறவர்களை எப்படி ஏற்றுக்கொள்வது என்பது பற்றியது. நொவீஸியுஸ் என்ற சொல் அதில் வருகிறது. அதைப் படிக்கும் லத்தீன்காரன் காதில் சந்தையின் ஓசையும் கொஞ்சம் விழுந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த அத்தியாயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வருகிறவனுக்குச் சுலபமாகக் கதவைத் திறக்கக் கூடாது. நாலைந்து நாள் அவன் தட்டிக்கொண்டே நின்று, அவமரியாதையைப் பொறுத்துக்கொண்டால் விருந்தினர் அறையில் சில நாள் தங்கலாம். (பெனடிக்டுக்கு ஒரு நூற்றாண்டு முன்பு எகிப்திய மடங்களைப் பற்றி எழுதிய ஜான் கஸியன் பத்து நாள் என்கிறார். பெனடிக்ட் பாதியாகக் குறைத்திருக்கிறார்.) பிறகு புதியவர்களுக்கான தனி இடத்துக்கு அனுப்புவார்கள். அங்கேயே தியானம், அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். ஒரு மூத்தவர் அவனைக் கூர்ந்து கவனிப்பார். இந்த வழியில் இருக்கும் கஷ்டங்கள் எல்லாவற்றையும் அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரண்டு மாதம் கழித்து விதி முழுவதையும் அவனுக்கு வாசித்துக் காட்டுவார்கள். பின் ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை. பின் நாலு மாதம் கழித்து மூன்றாம் முறை. கூட்டிப் பார்த்தால் பன்னிரண்டு. சுங்கக் குத்தகைக்காரர்கள் வைத்திருந்த அதே ஒரு வருஷம்.

ஆனால் அந்த ஒரு வருஷம் இப்போது தலைகீழாகிவிட்டது. விதியை வாசித்துக் காட்டும்போது அவனிடம் சொல்ல வேண்டியதையும் பெனடிக்ட் எழுதி வைத்திருக்கிறார். இந்தச் சட்டத்தின்கீழ் ஊழியம் செய்ய விரும்பினால் உள்ளே வரலாம். முடியாதென்றால் சுதந்திரமாகப் போய்விடலாம் என்பது அதன் சாரம். அந்தச் ‘சுதந்திரமாக’ என்ற இடத்தில் அவர் உபயோகிக்கும் லத்தீன் சொல் லீபெர். ரோமானியச் சட்டத்தில் அடிமை அல்லாதவனைக் குறிக்கும் அதே சொல். சந்தையில் நொவீஸியுஸ் ஏற்கெனவே அடிமை, அவனுக்குப் போக இடம் கிடையாது. வருஷம் முடிந்தால் பழைய அடிமை ஆவான். மடத்தில் நொவீஸியுஸ் இன்னும் சுதந்திரன். வருஷம் முடிந்தால்தான் கட்டுண்டவன். அதன்பின் தன் உடம்பின்மீதுகூட அவனுக்கு அதிகாரம் கிடையாது என்று பெனடிக்ட் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்.

ஆக என் சக ஊழியர் சொன்னது சரி. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு புஸ்தகங்கள் வேண்டியிருந்தன.

அத்தியாயத்தின் கடைசியில் பேன்ட்டும் சட்டையும்கூட வந்துவிடுகின்றன. உறுதி எடுத்துக்கொள்கிறவன் தன் கையால் ஒரு பத்திரம் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவன் வேறொருவரை எழுதச் சொல்லிக் கையெழுத்துக்குப் பதில் ஒரு அடையாளமாவது போட வேண்டும். (இடது பெருவிரல் ரேகைதான் ஞாபகம் வருகிறது.) பத்திரத்தை அவனே பலிபீடத்தின்மேல் வைக்க வேண்டும். பின் அங்கேயே அவனுடைய சொந்த உடைகளைக் களைந்து மடத்து உடையை உடுத்துவார்கள். களைந்த உடைகளைத் தூக்கி எறியக் கூடாது. துணி அறையில் பத்திரமாக வைக்க வேண்டும். என்றைக்காவது, சாத்தானின் பேச்சைக் கேட்டு அவன் வெளியேற முடிவு செய்தால், மடத்து உடையைக் களைந்துவிட்டு அவனை அனுப்ப வேண்டுமல்லவா, அதற்காக. ஆனால் அவன் எழுதிக்கொடுத்த பத்திரத்தை மட்டும் திருப்பித் தரக் கூடாது. அது மடத்திலேயே இருக்கும்.

கஸியனிலும் உடைகளை வைத்திருக்கிற வழக்கம் உண்டு. பத்திரம்தான் என்னை உலுக்கியது. ஒரு பெரிய ஸ்தாபனத்தை ஆரம்பிக்கிற மனிதர், தோற்றுப்போய் வெளியே போகப் போகிறவனின் சட்டையைப் பற்றி யோசித்திருக்கிறார். அதே சமயம் அவன் எழுதியதை விட மனமில்லை.

இந்த ஒரு வருஷத்தின் அருமை, அது இல்லாத இடங்களைப் பார்த்தால்தான் விளங்குகிறது. அடுத்த அத்தியாயத்திலேயே பெனடிக்ட், பெற்றோர்கள் குழந்தைகளை மடத்துக்கு அர்ப்பணிப்பதைப் பற்றிச் சொல்கிறார். பத்திரத்தைப் பெற்றோர் எழுதுவார்கள். குழந்தையின் கையையும் பத்திரத்தையும் பலிபீடத் துணியில் சேர்த்துச் சுற்றுவார்கள். அவ்வளவுதான். கேள்வி கிடையாது, மூன்று வாசிப்பு கிடையாது. அந்தக் குழந்தை ஒருநாள்கூட நொவீஸியுஸ் அல்ல.

அப்படி ஒருவர் ஓர்டரிக் விட்டாலிஸ். 1075இல் இங்கிலாந்தில் பிறந்தவர். பத்து வயதில், 1085இல், தகப்பன் அவரைக் கடல் தாண்டி நார்மண்டியில் ஸான் எவ்ரூல் மடத்துக்கு அனுப்பிவிட்டான். அனுப்பும்போது தகப்பனும் அழுதான், பிள்ளையும் அழுதது. பிறகு அவர்கள் பார்த்துக்கொள்ளவே இல்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் பேசிய மொழி பையனுக்குப் புரியவில்லை. எகிப்தில் யோசேப்பு கேட்டதுபோல் புரியாத பாஷையைக் கேட்டேன் என்று பின்னால் எழுதினார். அவருடைய ஆங்கிலப் பெயர் நார்மானியர் காதுக்குக் கரடாக இருந்ததால் விட்டாலிஸ் என்று வேறு பெயர் வைத்தார்கள். இதையெல்லாம் அவர் எழுதியது பெரிய சரித்திர நூல் ஒன்றின் முடிவுரையில், அறுபத்தேழாவது வயதில். அரைநூற்றாண்டுக்கும் மேல் ஒழுங்காக வாழ்ந்து, பதின்மூன்று பாகங்கள் எழுதி முடித்த பிறகும் பேனா அந்தப் பத்து வயதுக்குப் போகிறது. மடத்தின்மேல் அவருக்குக் குறை இல்லை. அன்போடு நடத்தினார்கள் என்றே சொல்கிறார். தனக்கு யாரும் ஒரு வருஷம் தரவில்லை என்று அவர் எங்கும் சொல்லவில்லை. நான்தான் அதை அங்கே படிக்கிறேன்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் க்ளூனியில் வேறு விதமாக அது தேய்ந்தது. அது பணமும் கீர்த்தியும் நிறைந்த மடம், வருகிறவர்கள் அதிகம், சில நாட்களில், சில வாரங்களில் உடுப்புக் கொடுத்துவிட்டார்கள். மடாதிபதி பீட்டர் 1146 வாக்கில் தன் சீர்திருத்தங்களை எழுதும்போது குறைந்தது ஒரு மாதமாவது சோதனைக் காலம் வேண்டும் என்று விதிக்க வேண்டியிருந்தது. ஒரு மாதம் என்பதே சீர்திருத்தமாக இருந்ததென்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். ஸிஸ்டெர்ஷியர்கள் இதை எதிர்த்துக் கிளம்பியவர்கள். முழு வருஷம் என்பதில் பிடிவாதமாக இருந்தார்கள், குழந்தைகளை ஏற்கவில்லை, பதினைந்து வயது, பின்னர் பதினெட்டு என்று எல்லை வைத்தார்கள். பிரான்ஸிஸ்கன்களுக்கு முதலில் இந்த ஒழுங்கு கிடையாது. வந்தவன் அன்றைக்கே சகோதரன். ஆட்கள் பெருகிக் குழப்பம் மிஞ்சியபோது, 1220 செப்டம்பரில், மூன்றாம் ஹொனோரியுஸ் என்ற போப் அவர்களுக்கும் ஒரு வருஷத்தைக் கட்டாயமாக்கினார். ஸெயின்ட் பிரான்ஸிஸின் மனசுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. நம் சிறுபத்திரிகைகளும் ஆரம்பத்தில் வந்தவனெல்லாம் சகோதரன் என்றுதான் இருக்கின்றன. மூன்றாவது வருஷம் எல்லோருக்கும் ஒரு ஹொனோரியுஸ் தேவைப்படுகிறான்.

சட்டம் இதை ஒரு கட்டத்தில் தெளிவாகவே சொல்லிவிட்டது. சோதனை வருஷம் யாருடைய நன்மைக்காக என்ற கேள்விக்கு மூன்றாம் இன்னொஸென்ட் தந்த தீர்ப்பு, 1234இல் தொகுக்கப்பட்ட திருச்சபைச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. இரு தரப்புக்கும் என்பது தீர்ப்பு. வந்தவன் மடத்தின் கடுமையை அனுபவித்துப் பார்க்க. மடம் வந்தவனின் நடத்தையைப் பார்க்க. ட்ரென்ட் மகாசபை 1563இல் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது என்று உறுதிசெய்தது. 1983ஆம் வருஷத்துச் சட்டத்திலும் பன்னிரண்டு மாதம்தான். மார்ஸியனின் கணக்கு பதினேழு நூற்றாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது.

எனக்கு வங்கியில் ஆறு மாதம் புரொபேஷன். என்னைத்தான் சோதித்தார்கள். நான் வங்கியைச் சோதிக்கலாம் என்பது யாருக்கும், எனக்கும்கூடத் தோன்றவில்லை. விமர்சனத்திலும் இப்படித்தான். முதல் தொகுதி வரும்போது அது நம்மிடம் தேறுகிறதா என்றுதான் பார்க்கிறோம். எழுதத் தொடங்குகிறவனும் அந்தச் சமயத்தில் நம்மை, நம் பத்திரிகைகளை, நம் பேச்சை, சாயங்கால வேளைகளில் நாம் கூடுகிற மொட்டைமாடிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இங்கே இருக்கலாமா என்று அவனும் தீர்மானித்துக்கொண்டிருக்கிறான் என்கிற பிரக்ஞை நமக்கு இருப்பதில்லை. கஷ்டங்களை அவனிடம் முன்கூட்டியே சொல்வதும் இல்லை. அச்சுக் கூலியைப் பற்றி எச்சரிக்கிறோம், அதோடு சரி.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். நண்பர் சொன்ன அர்த்தத்தை நிலைநாட்டும் உற்சாகத்தில், பக்குவமற்றவன் என்கிற அர்த்தம் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட அழுக்கு என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. அப்படி அல்ல. முதல், இரண்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஜுவெனல் என்ற அங்கதக் கவிஞர் ரோமாபுரித் தெருக்களைப் பற்றிய கவிதையில், வண்டிச் சுமை சரிந்து நசுங்கிச் செத்தவன் ஒருவனை மறு உலகத்து ஆற்றங்கரையில் உட்கார வைக்கிறார். வீட்டில் அவனுக்காகச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். அவன் அங்கே புதியவன். ஓடக்காரனைப் பார்த்து நடுங்குகிறான். வாயில் வைக்கும் காசுகூட இல்லாமல் வந்தவன். அவனுக்கு ஜுவெனல் தரும் சொல் நொவீஸியுஸ். அந்தச் சொல்லில் ஒரு பரிதாபமும் ஒரு கேலியும் ஆரம்பத்திலிருந்தே உண்டு. மடம் அதைத் துடைத்து எடுத்துவிடவில்லை. அதற்கு ஒரு இடமும் ஒரு கால அளவும் கூடவே இருக்க ஒரு மனிதரையும் தந்தது.

அந்த மனிதரைப் பற்றி, புதியவர்களின் ஆசானைப் பற்றி, சொல்ல வேண்டும். யார்க்‌ஷயரில் ரீவோ என்ற ஸிஸ்டெர்ஷிய மடத்தில் 1142 வாக்கில் ஏல்ரெட் என்பவர் அந்தப் பொறுப்பில் இருந்தார். அப்போது அவர் எழுதிய அன்பின் கண்ணாடி என்ற நூலில், ஒரு புதியவனோடு நடந்த பேச்சை நூலின் நடுவில் அப்படியே செருகியிருக்கிறார். புதியவனின் குறை இதுதான்: வெளியே சுகமாக இருந்தபோது கடவுளை நினைத்தாலே கண்ணீர் வரும், மனம் இளகும், இங்கே கடும் விரதம், கடும் உழைப்பு, ஆனால் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, அப்படியானால் முன்னைவிட இப்போது என் அன்பு குறைந்துவிட்டதா? ஏல்ரெட் அவனை மெல்ல விசாரித்துக்கொண்டே போகிறார். கடைசியில் அவன் ஒன்றை ஒப்புக்கொள்கிறான். வெளியே இருந்தபோது, ஆர்தர் என்று யாரோ ஒரு ராஜாவைப் பற்றி மக்கள் மொழியில் கட்டிவிட்ட கதைகளைக் கேட்டும் இதே மாதிரி அழுதிருக்கிறான்.

விமர்சகனாக எனக்கு இது பெரிய இடம். தொடர்கதை வாசித்து அழுகிற கண்ணீரும் நல்ல கவிதை முன் வருகிற மௌனமும் ஒன்றல்ல என்று நாம் பல காலமாகச் சொல்லிவருகிறோம். இந்தத் துறவி பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிட்டத்தட்ட அதே பிரச்னையை வேறு தளத்தில் எடுத்துக்கொள்கிறார். இளகுவது அன்பு அல்ல. கட்டுக்கதைக்கு இளகிய அதே மனம்தான் அதற்கும் இளகியது. ஆனால் அவர் அதைச் சொல்லும் விதம் வேறு. நீ இன்னும் கற்றுக்குட்டி என்று ஒரு வார்த்தையில் முடிக்கலாம். அவர் அவனைப் பேசவிடுகிறார். கேள்வி அவனுடையதாகவே இருக்கிறது. ஆர்தர் கதையை அவனே கண்டுபிடித்து, வெட்கப்பட்டு, அவனே சொல்கிறான்.

ஏல்ரெடுக்கு எழுபது எண்பது வருஷம் கழித்து ஜெர்மனியில் ஹைஸ்டர்பாஹ் மடத்தில் ஸீஸேரியுஸ் என்பவர் இதே பொறுப்பில் இருந்தபோது எழுதிய அற்புதங்களின் உரையாடல், முழுக்க முழுக்க ஒரு துறவிக்கும் ஒரு புதியவனுக்கும் நடக்கிற பேச்சு. ஏழுநூற்றுச் சொச்சம் கதைகள். அதிலும் ஆர்தர் வருகிறான். மடாதிபதி உபதேசம் செய்துகொண்டிருக்கிறார். கேட்கிறவர்களில் பலர் தூங்குகிறார்கள், சிலரிடமிருந்து குறட்டைகூடக் கேட்கிறது. திடீரென்று அவர், ஆர்தர் என்றொரு ராஜா இருந்தான் என்று ஆரம்பிக்கிறார். அத்தனை பேரும் விழித்துக்கொள்கிறார்கள். அவருக்குக் கோபம் வருகிறது. இங்கே தூங்கியது புதியவர்கள் மட்டுமல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். சங்கதி கதையின் வசீகரம் அல்ல, யார் அதை ஒப்புக்கொள்கிறார்கள் என்பது. ரீவோவில் புதியவன் தானே சொன்னான். ஹைஸ்டர்பாஹில் உறுதி எடுத்துக்கொண்ட பழையவர்கள் பிடிபட்டார்கள்.

நான் மதிப்புரையில் எழுதியிருக்க வேண்டியது என்ன என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை. அந்தக் கவிதைகள் நன்றாக இல்லை. போன மாதம் திரும்பப் படித்தேன். இன்றும் நன்றாக இல்லை. அதைச் சொல்லாமல் விடுவது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. ஆனால் போகலாம், இருக்கலாம் என்கிற இரண்டையும் அவர் கையில் விட்டுவிட்டுச் சொல்ல ஒரு வழி இருந்திருக்கும். நான் உடையைப் பிடுங்கிக்கொண்டு தள்ளினேன். அவருடைய பழைய சட்டை எங்கே என்று எனக்குத் தெரியாது.

திரும்பப் படித்ததற்குக் காரணம், போன மாதம் அவர் எங்கள் கிளைக்கு வந்ததுதான். நகைக் கடனைத் திருப்பி வைக்க. படிவத்தில் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தேன். முகம் எனக்குப் பரிச்சயமில்லை. புஸ்தகத்தில் போட்டோ கிடையாது. அவரா என்று கேட்டேன். சிரித்தார். “ஆமா சார். அப்ப எழுதிக்கிட்டிருந்தேன்.” என் பெயரைச் சொன்னேன். தெரியும் என்றார், எப்போதிலிருந்து தெரியும் என்று சொல்லவில்லை. நாற்பது வயதிருக்கும். மனைவியின் வளையல்களும் ஒரு குழந்தைச் சங்கிலியும். எடை போட்டுப் பைக்குள் வைத்து முத்திரை வைக்கும்வரை இருவரும் பேசவில்லை.

பத்திரிகை இன்னும் வருகிறதா என்று அவர்தான் கேட்டார். வரும்போது வருகிறது, விலாசம் கொடுத்தால் அனுப்புகிறேன் என்றேன்.

“வேண்டாம் சார். வீட்டுக்கு வந்தா படிக்கணும்னு தோணும்.”

பிறகு, பணத்தை எண்ணி முடித்துப் பையில் வைத்துக்கொண்டபின், “அந்தப் புஸ்தகம் உங்ககிட்ட இருக்கா சார்? எங்கிட்ட ஒரு பிரதிகூட இல்ல. பெண்ணு கேக்குறா” என்றார்.

இருக்கிறது என்றேன். அடுத்த முறை வட்டி கட்ட வரும்போது வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

வீட்டில் எடுத்துப் பார்த்தேன். ஓரங்களில் முழுக்க என் பென்சில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் முப்பது பக்கங்களில் ஓரளவு போய்விட்டது. முப்பத்தேழாம் பக்கத்தில் அழுத்தி எழுதியிருக்கிறேன். தாள் தேய்ந்து மெலிந்ததே தவிர, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அந்தச் சொல்லைப் படிக்க முடிகிறது.